தேய்ந்த கோல்ஃப் ஷூ ஸ்பைக்குகளை நாமே மாற்றலாமா?

கேள்வி: என் கோல்ஃப் ஷூவின் மேல்பாகம் இன்னும் நன்றாக இருக்கிறது. அடியில் உள்ள பிளாஸ்டிக் ஸ்பைக்குகள் தேய்ந்துபோய், ஈரப் புல்லில் ஸ்விங் செய்யும்போது கால் வழுக்குகிறது. கழற்றப் பார்த்தேன், சில அசையவே இல்லை. நானே மாற்ற முடியுமா? தேய்ந்ததை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: தாராளமாக மாற்றலாம். ஆனால் புதுசு வாங்கும் முன் பழையதில் ஒன்றையாவது உடையாமல் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பலருடைய பணம் வீணாவது இந்த இடத்தில்தான். வெளியே தெரியும் பக்கம் எல்லா ஸ்பைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். சோலுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் பின்பக்கம் வேறு வேறு. ஃபாஸ்ட் ட்விஸ்ட், பின்ஸ், ஸ்லிம்-லாக் என்று பல வகைகள் உண்டு. பழைய ஷூக்களில் உலோக மரையும் இருக்கும், அதிலும் சிறியது, பெரியது என இரண்டு. ஷூவின் மாடல் பெயரைத் தேடினாலே எந்த வகை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதன் பிறகும் பழைய ஸ்பைக்கின் பின்பக்கத்தைப் புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

அசையாத ஸ்பைக்குகளுக்கு வருவோம். ஸ்பைக்கின் முகத்தில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். ஸ்பைக் கழற்றுவதற்கென்றே உள்ள ரெஞ்சின் இரு முனைகளும் அதற்குள் ஆழமாக இறங்கினால்தான் பிடி கிடைக்கும். அந்தத் துளைகளில் மண் கெட்டித்துப் போயிருப்பதுதான் பாதிப் பிரச்சினை. வெந்நீரும் பழைய டூத் பிரஷும் கொண்டு தேய்த்து, மிச்சத்தை ஊசியால் நோண்டி எடுங்கள். பிறகு ஸ்பைக்கின் ஓரத்தைச் சுற்றி டபிள்யூடி-40 போன்ற எண்ணெயைக் கொஞ்சம் அடித்து, ஒரு இரவு விட்டுவிடுங்கள். அவசரப்பட்டால் துளைதான் பிய்யும்.

மறுநாள் ஷூவைக் கவிழ்த்து, ரெஞ்சை நேர்க்குத்தாக வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்தியபடியே இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். சாய்த்துத் திருப்பினால் வழுக்கும். துளைகள் ஏற்கெனவே சிதைந்திருந்தால், ஸ்பைக்கின் பிளாஸ்டிக்கில் மட்டும் மெல்லிய ட்ரில் பிட்டால் புதிதாக இரண்டு துளை போட்டு ரெஞ்சை மாட்டலாம். சோல்வரை ஆழமாகப் போகாதீர்கள்; கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். நோஸ் பிளையரால் விளிம்பைக் கடித்துத் திருகுவதும் சில சமயம் பலிக்கும்.

ஸ்பைக் வராமல், அது உட்கார்ந்திருக்கும் குழியே சோலுக்குள் சேர்ந்து சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. அந்த ஷூவுக்குப் புதிய ஸ்பைக் வாங்கிச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

கழற்றியதும் குழியில் உள்ள மண்ணையும் எண்ணெயையும் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். புதியதை முதலில் கையால் திருகி நேராக உட்காரவைத்து, பிறகு ரெஞ்சால் இறுக்க வேண்டும். பூட்டு வகை ஸ்பைக்குகள் 'கிளிக்' என்று உட்காரும், அதற்கு மேல் ஒரு திருகுகூட வேண்டாம். பூட்டும் பற்கள் முறிந்துவிடும்.

தேய்ந்ததை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வலக்கை ஆட்டக்காரருக்கு ஸ்விங் முடியும்போது வலது முன்பாதம் புல்லில் சுழலும். அதனால் அங்குள்ள ஸ்பைக் சீக்கிரம் கரையும். அதை மட்டும் புதிதாக்கினால் உயரம் மாறுபட்டு, பாதம் சமமாக ஊன்றாது. இரண்டு ஷூவுக்கும் முழு செட்டாகப் போடுங்கள். புதிதாக மாற்றியவற்றில் ஒன்று கழன்று தொலைந்தால் மட்டும் ஒற்றையாகப் போடலாம்.

பொதுவாக 15 முதல் 20 சுற்றுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். சிமென்ட், தார்ப் பாதைகளில் அதிகம் நடப்பவருக்கு இன்னும் சீக்கிரமே தேயும். எண்ணிக்கையைவிடக் கண்ணை நம்புங்கள்: ஸ்பைக்கின் கால்கள் கரைந்து அதன் நடுப்பகுதியோடு மட்டமாகிவிட்டால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாற்றிய பிறகு முதல் சுற்று ஆடி முடித்ததும் எல்லாவற்றையும் ரெஞ்சால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். சரியாகப் பூட்டாத ஸ்பைக் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.