கிளாவே எங்கே விழுகிறது? ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் பற்றி வாசகர் கேள்விகள்

*கியூப தாளமும் அமெரிக்க ஜாஸும் கலந்த ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. பலரும் கேட்டவற்றை எடுத்துக்கொண்டேன்.*

கேள்வி: இந்த இசையைத் தொடங்கியவர் டிஸ்ஸி கில்லெஸ்பி என்றுதான் படித்திருக்கிறேன். நீங்கள் மரியோ பௌசா என்று எழுதியிருந்தீர்கள். எது சரி சார்? (வாசகி, சேலம்)

அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞரான கில்லெஸ்பி இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர். அடித்தளம் போட்டவர் பௌசாதான், இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கியூபத் தலைநகர் ஹவானாவில் 1911-ல் பிறந்தவர், சிறு வயதிலேயே ஹவானா பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர். 1930-ல் நியூயார்க்கில் குடியேறி டிரம்பெட்டுக்கு மாறினார். நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் சிக் வெப் குழு, அப்புறம் கேப் காலோவே குழு என்று கறுப்பர்களின் பெரிய ஜாஸ் குழுக்களுக்குள்ளேயே வளர்ந்தார். 1939-ல் காலோவே குழுவில் இளைஞர் கில்லெஸ்பிக்கு இடம் கிடைக்க உதவியதும் இவரே. ஆக, கில்லெஸ்பியின் காதில் கியூப தாளத்தை முதலில் போட்டவரும் இவர்தான்.

1940-ல் பௌசாவின் மைத்துனர் மாச்சிட்டோ நியூயார்க்கில் ஒரு குழு தொடங்கினார். அதற்கு ‘ஆஃப்ரோ-கியூபன்ஸ்’ என்று பெயர். ஆப்பிரிக்க வேரைப் பெயரிலேயே தூக்கிப் பிடித்தது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. பௌசா அதன் இசை இயக்குநரானார். கீழே தாள வாத்தியங்கள் சுத்தமான கியூப முறையில் போகும், மேலே டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஜாஸ் இசைக்கோர்வையைப் பேசும், இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காது. இதுதான் அவர் தேடியது. 1943-ல் ‘டாங்கா’ உருவானபோது அது கைக்கு வந்தது. பியானோக்காரர் ஓய்வு நேரத்தில் சுற்றிச் சுற்றி வாசித்த ஒரு சின்னத் துண்டில் பாஸ் என்ற ஆழ்ந்த ஒலித் தந்தி வாத்தியம் வாசிப்பவரும் சேர்ந்துகொள்ள, அதைக் கேட்ட பௌசா அதன் மேலேயே ஒத்திகையில் குழுவின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரி சொல்லிக்கொடுத்துக் கட்டிய இசை அது. பெரிதாக எழுதி வைத்த மெட்டெல்லாம் இல்லை.

பௌசாவின் பெயர் பல பட்டியல்களில் விடுபட்டுப் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

கேள்வி: நான் மிருதங்கம் கற்கிறேன். இந்த இசையைக் கேட்டால் எடுப்பு, அதாவது தாளம் தொடங்கும் இடம், எங்கே என்றே பிடிபடவில்லை. கிளாவே என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது என்ன? (வாசகர், திருச்சி)

மிருதங்கம் தெரிந்த உங்களுக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபடும். கிளாவே என்பது கையளவு நீளமுள்ள இரண்டு கட்டைகள். ஒன்றை மற்றொன்றால் தட்டி எழுப்பும் ஐந்து அடித் தாளத்துக்கும் அதே பெயர்தான். மொத்தம் 16 மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘தகிட தகிட தகதிமி தக தகதிமி’ என்று சொல்லுங்கள், 3, 3, 4, 2, 4. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கைதட்டுங்கள். ஐந்து தட்டு வரும். அதுதான் சோன் கிளாவே. சோன் என்பது கியூபாவின் ஒரு பாட்டு வகை.

இப்போது காலால் நான்கு மாத்திரைக்கு ஒரு முறை தரையில் தட்டிக்கொண்டே இதைச் செய்து பாருங்கள். கையின் முதல் தட்டும் ஐந்தாவது தட்டும்தான் காலோடு சேரும், நடுவிலுள்ள மூன்றும் கால் தட்டுகளுக்கு இடையில் போய் விழும். இந்த இழுபறிதான் மொத்த இசையையும் நகர்த்துகிறது. ரும்பா என்ற கியூப ஆட்ட இசையின் கிளாவே வேண்டுமென்றால் மூன்றாவது தட்டை மட்டும் ஒரு மாத்திரை தள்ளிப் போடுங்கள்: ‘தகிட தகதிமி தகிட தக தகதிமி’. ஒரே ஒரு மாத்திரைதான், ஆனால் சாலையே மாறிவிட்ட மாதிரி இருக்கும்.

எடுப்பு பிடிபடாததற்கு இன்னொரு காரணம் பாஸ். நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜாஸில் பாஸ் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் நடந்து வரும், நாம் அதைப் பிடித்துக்கொள்வோம். இங்கே பாஸ் பெரும்பாலும் முதல் எண்ணிக்கையில் வாசிக்காது. இரண்டாவது எண்ணிக்கையின் பாதியிலும் நான்காவதிலும் விழும். அந்த நான்காவதில் விழும்போதே அடுத்த வரியின் சுரத்துக்குப் போயிருக்கும், அதாவது முன்கூட்டியே வந்து நிற்கும். கையால் அடிக்கும் காங்கா டிரம்மும் திறந்த ஓசையை வரியின் கடைசியில்தான் கொடுக்கும். ஆக எல்லோரும் அடுத்த எடுப்பை நோக்கித் தள்ளுகிறார்களே தவிர, எடுப்பில் யாரும் ஓங்கி அடிப்பதில்லை. அதைக் காலில் வைத்துக்கொள்ள வேண்டியது ஆடுபவரும் கேட்பவரும்தான்.

கிளாவேயில் மூன்று தட்டு உள்ள பாதி, இரண்டு தட்டு உள்ள பாதி என்று இரண்டு பக்கம் உண்டு. பாட்டு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்து 3-2 என்றோ 2-3 என்றோ சொல்வார்கள். ஒரு முறை தொடங்கிவிட்டால் கிளாவே திரும்பாது. மெட்டுதான் அதற்கேற்பப் பொருந்திக்கொள்ள வேண்டும். மெட்டு ஒரு பக்கமும் கிளாவே ஒரு பக்கமும் போனால் கியூபக் கலைஞர்களுக்கு உடனே உறுத்தும். பல பாட்டுகளில் அந்தக் கட்டைகளை யாருமே வாசிப்பதில்லை, ஆனாலும் எல்லோர் மனதிலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: சானோ போசோவைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன். (பல வாசகர்கள்)

ஹவானாவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர், 1915-ல் பிறந்தவர். காங்கா வாசிப்பார், பாடுவார், ஆடுவார், மெட்டும் போடுவார். அபாகுவா என்ற ஆண்களுக்கான ஆப்பிரிக்க மரபுச் சங்கத்தின் உறுப்பினர், அந்தச் சடங்குத் தாளங்களெல்லாம் கைக்குள் இருந்தன. 1947-ல் நியூயார்க் வந்தார். காங்கா வாசிக்க ஆள் தேடிய கில்லெஸ்பிக்கு பௌசா இவரைக் காட்டினார். அந்த ஆண்டு செப்டம்பரில் கார்னெகி ஹாலில் இருவரும் ஒரே மேடையில் வாசித்தார்கள்.

டிசம்பரில் ‘மான்தேகா’ பதிவானது. போசோவுக்கு இசை எழுதத் தெரியாது, ஆங்கிலமும் வராது. பாஸுக்கு இது, டிராம்போனுக்கு இது, டிரம்பெட்டுக்கு இது என்று வாயாலேயே பாடிக் காட்டினார். அடுக்கின் மேல் அடுக்காக அந்தத் தொடக்கம் ஏறுவதைக் கேட்டாலே அது புரியும். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்ததால், நடுவில் 16 வரி நீளத்துக்கு ஒரு பகுதியை கில்லெஸ்பி சேர்த்தார். கில் ஃபுல்லர் மொத்தத்தையும் குழுவுக்காகக் கோத்தார். அந்த நடுப்பகுதி வரும்போது கியூபா கொஞ்சம் ஒதுங்கி ஜாஸ் முன்னே வருவது தெளிவாகத் தெரியும், பிறகு மறுபடி காங்கா பிடித்துக்கொள்ளும். தையல் தெரிகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்தத் தையல் தெரிவதுதான் பிடிக்கிறது, இரண்டு மரபுகள் பழகத் தொடங்குவது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

ஊர் ஊராகப் போகும்போது பஸ்ஸில் கில்லெஸ்பி கையிலும் பாஸ்காரர் ஆல் மெக்கிப்பன் கையிலும் ஆளுக்கொரு டிரம்மைக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு தாளம் சொல்லிக்கொடுப்பாராம் போசோ. அமெரிக்க ஜாஸ்காரர்கள் கியூப தாளம் கற்ற பள்ளிக்கூடம் அந்தப் பஸ்தான்.

1948 டிசம்பரில் ஹார்லெமில் ஒரு மதுக்கூடத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கில்லெஸ்பியோடு இருந்தது ஏறக்குறைய ஒரு வருடம்தான்.

கேள்வி: அமெரிக்காவுக்கும் ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். அங்கே இல்லாத டிரம் மரபு கியூபாவில் மட்டும் எப்படித் தங்கியது? (வாசகர், யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி. தென் கரோலினாவில் 1739-ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது டிரம் அடித்து ஆள் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே சட்டம் போட்டு அவர்களுக்கு டிரம்மைத் தடை செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் காங்கோ சதுக்கம் போன்ற சில இடங்களில்தான் அது வெளிப்படையாக ஒலிக்க முடிந்தது. ஸ்பானிய ஆட்சியிலிருந்த கியூபாவில் ‘கபில்தோ’ என்ற சங்கங்களில் ஒரே இனத்தவர் கூடிச் சொந்த மொழியில் பாடவும் ஆடவும் முடிந்தது. அதோடு கரும்புத் தோட்டங்களுக்காக 19-ம் நூற்றாண்டின் பாதியைத் தாண்டியும் ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கடத்திக்கொண்டே இருந்தார்கள், அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886-ல்தான். கொடுமை நீண்டதால் நினைவும் புதிதாக வந்துகொண்டே இருந்தது. மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் பாத்தா டிரம்கள், இரண்டு பக்கமும் தோல் கட்டிய மூன்று டிரம்கள், இன்றும் கியூபாவில் அந்த மக்களின் மரபு வழிபாட்டில் ஒலிக்கின்றன.

கேள்வி: ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’ ஆஃப்ரோ-கியூபன் ஜாஸ்தானே? (வாசகர், கோவை)

இல்லை. அந்தக் கியூபக் குழுவின் இசை பெரும்பாலும் சோன், அப்புறம் பொலேரோ என்ற மெதுவான காதல் பாட்டு. அருமையான இசை, ஆனால் வேறு.

கேள்வி: 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவிலேயே என்ன ஆனது? (வாசகி, சென்னை)

அமெரிக்காவோடு உறவு முறிந்தபின் ஜாஸ் என்றாலே எதிரியின் இசை என்ற பார்வை அதிகாரிகளிடம் இருந்தது. கலைஞர்கள் விடவில்லை. 1973-ல் பியானோ மேதை சூச்சோ வால்டெஸ் ‘இராகெரே’ குழுவைத் தொடங்கினார். பாத்தா டிரம்மையும் எலக்ட்ரிக் கிட்டாரையும் டிரம்பெட் வரிசையையும் ஒரே மேடையில் ஏற்றிய குழு அது. 1977 மே மாதம் ஜாஸ் கலைஞர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் ஹவானாவுக்குப் போனது. அதில் கில்லெஸ்பியும் இருந்தார். அவரைத் தன் காரில் ஏற்றி நகரைச் சுற்றிக் காட்டிய இளைஞர், தான் இராகெரேயின் டிரம்பெட் கலைஞர் என்பதைச் சொல்லவே இல்லை. அன்றிரவு மேடையில் அந்த ஆர்த்துரோ சாந்தோவால் வாசித்தபோதுதான் கில்லெஸ்பிக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே இராகெரே நியூயார்க்கில் வாசித்தது, 1980-ல் கிராமி வாங்கியது. குழு பின்னால் சிதறியது. சாக்ஸபோன் கலைஞர் பாக்கீத்தோ தெ ரிவேரா 1980-லும் சாந்தோவால் 1990-லும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள், சாந்தோவால் வெளியேறியது கில்லெஸ்பியின் குழுவோடு சுற்றுப்பயணத்தில் இருந்தபோது.