டெஸ்டோஸ்டிரோன் ஊசியால் பி.சி.வி 55 ஆகிவிட்டது, இரத்தம் கொடுத்தால் சரியாகுமா?

மூன்று கிழமைக்கு ஒருக்கால் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறீர்கள், எஃப்.பி.சி (முழு இரத்த எண்ணிக்கை) றிப்போட்டில் பி.சி.வி, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடிக்கும் பங்கு, நூற்றுக்கு 55 என்று வந்திருக்கிறது, இரத்த வங்கியில் ஒரு பை கொடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வந்த கட்டியை எடுத்த பிறகு நானும் இதே ஊசியில்தான் இருக்கிறேன், எனக்கும் இது வந்தது. நான் டொக்டர் இல்லை. ஆனாலும் உறுதியாகச் சொல்வேன்: இரத்தம் கொடுப்பதைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதலில் ஊசியின் அளவையும் இடைவெளியையும் பாருங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரகத்தில் எரித்ரோபொயட்டின் என்ற, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹோர்மோனின் சுரப்பைக் கூட்டும். இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுத்து வைக்கும் ஹெப்சிடினைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து எலும்பு மச்சையைச் சிவப்பணுக்களைத் தயாரிக்க விரட்டுகின்றன. ஊசி போட்ட முதல் நாட்களில் ஹோர்மோன் உச்சிக்குப் போய், கடைசிக் கிழமையில் கீழே விழுகிறது. அந்த உச்சிதான் தொல்லை. ஜெல் பூசுபவர்களுக்கு பி.சி.வி இவ்வளவு ஏறுவது குறைவு. எனக்கு டொக்டர் அளவைக் குறைத்து, கிட்டக்கிட்டப் போடச் சொன்னார். சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும், அதனால் அளவைக் குறைத்த அடுத்த கிழமையே இறங்கவில்லை என்று கலங்க வேண்டாம்.

54ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்தி, இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்க வேண்டும் என்பதுதான் அகஞ்சுரப்பி வைத்தியர்களின் வழிகாட்டல். ஆகவே அடுத்த ஊசி போடுமுன் கிளினிக்குக்குப் போய் டொக்டரோடு கதையுங்கள்.

இன்னொன்று, அந்த 55 உண்மையான 55தானா? எங்கட ஊரில் 'வெறும் வயிற்றோடு வாங்கோ' என்றால் பலர் முதல்நாள் இரவிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில் சைக்கிள் உழக்கி லாப்புக்குப் போய், வியர்த்தபடியே கையை நீட்டுவார்கள். நீர் வற்றிய உடலில் பி.சி.வி ஏறித்தான் காட்டும். எஃப்.பி.சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. நன்றாகத் தண்ணீர் குடித்து, சற்று ஆறியிருந்துவிட்டு, அதே லாப்பில் திரும்பச் செய்து பாருங்கள்.

சுருட்டு, சிகரெட் பழக்கம் இருக்கிறதா? புகையிலுள்ள காபனோரொக்சைட் சிவப்பணுவில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு அதை ஈடுகட்ட இன்னும் அணுக்களைச் செய்யும். குறட்டையும் அப்படித்தான். இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று வீட்டுக்காரியிடம் கேளுங்கள். இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசி நிறுத்தியும் இறங்காவிட்டால் எலும்பு மச்சை நோய் ஏதும் உண்டா என்று ஜாக்2 என்ற மரபணுப் பரிசோதனை கேட்பார்கள்.

சரி, இரத்தம் கொடுப்பது. ஒரு பை, அதாவது 450 மில்லிலீற்றர், கொடுத்தால் பி.சி.வி ஏறக்குறைய 3 புள்ளி இறங்கும். ஆனால் ஊசி அதே அளவில் தொடர்ந்தால் அது திரும்ப ஏறும். இலங்கையில் இரண்டு இரத்ததானங்களுக்கு இடையில் 4 மாதம் இருக்கவும் வேண்டும். திரும்பத் திரும்பக் கொடுப்பவருக்கு ஃபெரிட்டின் (உடலிலுள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் அளவு) விழுந்து களைப்பு வரும். எனக்கு இதுதான் பெரிய கவலை: அந்தக் களைப்பை ஹோர்மோன் குறைவு என்று நினைத்து ஊசியைக் கூட்டுகிறார்கள், பி.சி.வி இன்னும் ஏறுகிறது. அவசரமாக இறக்க வேண்டும் என்று டொக்டர் முடிவெடுத்தால், இரத்தம் எடுப்பதை பெரியாஸ்பத்திரியில் அவருடைய கண்காணிப்பில் செய்யட்டும். தானம் என்று போனாலும் ஊசி போடுவதை இரத்த வங்கியில் மறைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டார் சொல்வதைக் கேட்டு அஸ்பிரின் தொடங்க வேண்டாம். அது சிவப்பணுவின் அளவைக் குறைக்காது, வயிற்றில் இரத்தக்கசிவு வரலாம். டொக்டர் சொல்லாமல் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். இரண்டாவது எஃப்.பி.சி வந்ததும் அந்த பி.சி.வியையும், ஊசி போட்டு எத்தனையாவது நாளில் எடுத்தது என்பதையும் இங்கே எழுதுங்கள்.