கிண்ணம் இருந்தால் மார்கான்ஷியாதானா? லிவர்வொர்ட் கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): நர்சரியில் வாங்கிய பெரணித் தொட்டியில் பச்சைப் பட்டையாக ஒன்று மண்ணோடு ஒட்டிப் படர்கிறது. மேலே குட்டிக் கிண்ணங்கள். மார்கான்ஷியா என்ற லிவர்வொர்ட் (பூவோ உண்மையான வேரோ இல்லாத, மண்ணோடு ஒட்டி வளரும் சிறு தாவரம்) என்று எழுதிக்கொள்ளலாமா?

பதில்: கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விளிம்பு முழு வட்டமாகச் சுற்றி வந்து, ஓரம் பல் பல்லாக இருந்தால் மார்கான்ஷியா. ஒரு பக்கம் மட்டும் பிறை வடிவில் எழும்பி, மறுபக்கம் திறந்து கிடந்தால் லூனுலேரியா குருசியேட்டா. மத்தியதரைக்கடல் பகுதிச் செடி அது. தொட்டிச் செடிகளோடு பல நாடுகளுக்குப் போய்விட்டது.

கேள்வி (கொடைக்கானல்): ஓடைக்கரைப் பாறையில் கரும்பச்சையாக, அகலமாக இருக்கிறது. கிண்ணமே இல்லை. லென்ஸில் பார்த்தும் மேற்பரப்பில் புள்ளிகள் தெரியவில்லை.

பதில்: அந்தப் புள்ளிகள்தான் காற்றுத்துளைகள். மார்கான்ஷியாவில் 10 மடங்கு லென்ஸிலேயே தெளிவாகத் தெரியும். அவை இல்லாமல், மங்கலாக, கொஞ்சம் ஒளி ஊடுருவுவதாக இருந்தால் டுமோர்டியேரா ஹிர்சூட்டாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குடை (இனப்பெருக்கத்துக்காகக் காம்பின் மேல் எழும் குடை வடிவ உறுப்பு) வரும் காலத்தில் திரும்பப் போய்ப் பாருங்கள். குடையின் மேல் ரோமங்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி (திருநெல்வேலி, கல்லூரி மாணவி): மார்கான்ஷியா என்று உறுதியாகிவிட்டது சார். ரெக்கார்டில் பாலிமார்ஃபா என்று எழுதலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. பாடப்புத்தகத்தில் அந்தப் பெயர் இருப்பதால் எல்லோரும் அதையே எழுதிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. இந்தியாவில் பாலியேசியா, லீனியாரிஸ், எமார்ஜினேட்டா என்று வேறு மார்கான்ஷியாக்களும் உண்டு. மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

செடியை மெல்லப் பெயர்த்து, தண்ணீரில் மண்ணைக் கழுவி, குப்புறப் போடுங்கள். வேரிகளுக்கு (வேர் போன்ற மெல்லிய இழைகளுக்கு) நடுவே ஊதாச் சாயலில் மெல்லிய செதில்கள் தெரியும். பாலிமார்ஃபாவில் அவை 6 வரிசை, பாலியேசியாவில் 4. அப்புறம், நடுச் செதிலின் நுனியில் ஒரு சின்ன ஒட்டுறுப்பு இருக்கும். அதைப் பிய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஓரம் வழவழப்பா பற்களுள்ளதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பெண் குடை கிடைத்தால் இன்னும் நல்லது. பாலிமார்ஃபாவில் விரல்களாக நீளும் கதிர்கள், பெரும்பாலும் 9 முதல் 11 வரை. எமார்ஜினேட்டாவில் குடை ஒரு பக்கமாக விரிந்த உள்ளங்கையாக இருக்கும்.

பாலிமார்ஃபாதான் என்று முடிவானால் துணையினமும் பார்க்கலாம். பட்டையின் நடுவே கருங்கோடு தொடர்ச்சியாக ஓடினால் பாலிமார்ஃபா துணையினம், விட்டு விட்டு ஓடினால் ரூடெராலிஸ், கோடே இல்லையென்றால் மான்டிவேகன்ஸ். தொட்டியிலும் நடைபாதை இடுக்கிலும் வருவது பெரும்பாலும் ரூடெராலிஸ்.

கேள்வி (டொராண்டோ): இங்கே ஓடையருகே பாம்புத்தோல் மாதிரி அறுகோணக் கட்டங்களோடு ஒன்று. கசக்கினால் வாசனை வருகிறது. கோனோசெஃபாலம் கோனிக்கமா?

பதில்: கோனோசெஃபாலம் சரி. கட்டத்துக்கு நடுவே ஒரு துளை, அந்த வாசனை, கிண்ணம் இல்லாமை எல்லாம் பொருந்துகிறது. ஆனால் 2005இல் சலிப்ரோசம் என்று தனி இனம் பிரிக்கப்பட்டது. கோனிக்கம் ஐரோப்பியச் செடி, பளபளப்பாக இருக்கும். உங்கள் பக்கத்தில் கிடைப்பது சலிப்ரோசம்: பளபளப்புக் குறைவு, கட்டங்களுக்கு இடையே பள்ளம் ஆழம். பழைய கையேடுகளில் இரண்டும் ஒரே பெயரில்தான் இருக்கும்.

கேள்வி (வால்பாறை): படம் எப்படி எடுத்து அனுப்புவது?

பதில்: மேற்பரப்பு ஒன்று, கிண்ணம் அல்லது குடை கிட்டத்தில் ஒன்று, கழுவிய அடிப்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். ஈரமாக இருக்கும்போதே எடுங்கள், காய்ந்தால் ஓரம் சுருண்டுவிடும். பெயர்ப்பது ஒரு சின்னத் துண்டு போதும், மீதி பாறையிலேயே இருக்கட்டும்.