அப்பாவிடம் கேட்டீர்களா?

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது. இதயமும் சிறுநீரகமும் பழுதாகி மட்டக்களப்பில் வாட்டில் இருக்கிறார். இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அமுக்கி மெஷின் போட்டுப் பார்க்கவா, வேண்டாமா என்று டொக்டர் கேட்கிறார். கட்டாரில் இருக்கும் தம்பி "எல்லாம் செய்யச் சொல்லுங்க அக்கா" என்று வொய்ஸ் அனுப்புகிறான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன சொல்ல?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் டொக்டர் பேசுகிறார், தம்பி பேசுகிறார், அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்கு நினைவு தெளிவாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சொன்னால் மனிசன் உடைஞ்சு போவார் என்று மறைப்பது நம் பக்கத்து வழக்கம், அன்பினால்தான் செய்கிறோம். என் அம்மம்மாவிடமும் நாங்கள் கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டு அமுக்கினார்கள், கட்டில் கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது; திரையை விலக்கியபோது கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிய தடம், தலையணைக்குக் கீழே மாமாங்கத்துத் திருநீற்றுப் பொட்டலம்.

அமுக்குவது என்றால் மெதுவாகத் தடவுவது இல்லை. நெஞ்சு 5 சென்ரிமீற்றராவது உள்ளே போக வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். அமெரிக்காவில் 1992 முதல் 2005 வரை ஆஸ்பத்திரியில் இப்படிச் செய்யப்பட்ட, 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் கணக்கெடுத்தார்கள்: உயிரோடு ஆஸ்பத்திரியை விட்டுப் போனவர்கள் 100 பேரில் 18 பேர்தான். உறுப்புகள் ஏற்கெனவே பழுதான ஒருவருக்கு வாய்ப்பு அதைவிடக் குறைவாகவே இருக்கும். இதைக் கண்ணால் பார்த்தால் மனம் மாறுகிறது. 2015இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், கடும் நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்த 150 முதியவர்களில் பாதிப் பேருக்கு மூன்று நிமிட வீடியோ ஒன்றைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் 64 வீதமானோர் வேண்டாம் என்றார்கள், பார்க்காதவர்களில் 32 வீதம்.

வேண்டாம் என்றால் கைவிடுவது என்று நினைக்காதீர்கள். சேலைன், மருந்து, ஒட்சிசன், வலிக்கு ஊசி எல்லாம் தொடரும், இதயம் நின்ற பிறகு செய்யும் அந்த ஒன்று மட்டும்தான் இல்லை. இதை அப்பாவுக்கு முன்னாலேயே டொக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டொக்டருக்குத் தமிழ் மட்டுமட்டு என்றால் தமிழ் பேசும் மிஸ்ஸி (நேர்ஸ்) ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே மொழிபெயர்க்கப் போனால் பயத்தில் பாதியை விழுங்கிவிடுவீர்கள்.

அப்புறம், சாப்பாடு கொண்டுபோகிற நேரம், அவர் களைப்பில்லாமல் இருந்தால், "அப்பா, உங்களுக்கு இப்ப எது பெரிசு, என்னத்துக்குப் பயமா இருக்கு?" என்று தொடங்குங்கள். உடனே பதில் வராது, பரவாயில்லை, கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். எல்லாம் செய்யுங்கள் என்று அவர் சொன்னால் அதுவும் சரி. எதைச் சொன்னாலும் டொக்டரிடம் சொல்லி அப்பாவின் டிக்கெட்டில், அதாவது வாட்டில் அவருக்கென்று இருக்கும் நோய்க் குறிப்பில், எழுதச் செய்யுங்கள். நாளைக்கு மனம் மாறினால் மாற்றி எழுதலாம். அப்பா சம்மதித்தால் அவர் சொன்னதை அவர் குரலிலேயே பதிவு செய்து தம்பிக்கு அனுப்புங்கள்.