அக்கா மகனுக்கு ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை), எனக்கு 10-வது வாரக் கர்ப்பம்

கேள்வி: போன வாரம் என்னோடு இருந்த அக்கா மகனுக்கு ருபெல்லாவாம். எனக்குக் காய்ச்சல், தடிப்பு எதுவும் இல்லை. குழந்தைக்கு ஆபத்தா?

பதில்: தடிப்பு வரட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பலருக்கு அறிகுறியே தெரியாது. அம்மாவுக்கு லேசாக வந்துபோகிற இந்தக் கிருமி, உறுப்புகள் உருவாகிற முதல் 12 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்விட்டால் குழந்தையின் காது, கண், இதயம் மூன்றையும் பாதிக்கலாம், கருவே கலையவும் கூடும். (கண்புரையோடு பிறந்த குழந்தைகளைக் கவனித்து 1941-லேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைச் சொல்லிவிட்டார்.) சிறு வயதில் தடுப்பூசி போட்டிருந்தால் அநேகமாகப் பயமில்லை. எதற்கும் இன்றே டாக்டருக்கு போன் செய்து, ஐஜிஜி (ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்ப்பது), ஐஜிஎம் (இப்போது புதிதாகத் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பது) ரத்தப் பரிசோதனைக்குக் கேளுங்கள். நேராகப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு உட்கார வேண்டாம். எதிர்ப்புச் சக்தி இல்லையென்றாலும் இப்போது தடுப்பூசி கூடாது, அது உயிருள்ள கிருமியால் ஆனது. பிரசவத்துக்கு அப்புறம் போடலாம், தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.