ஆமைக் குஞ்சுக்கு டார்ச் அடித்து வழிகாட்டலாமா?

கேள்வி: இரவில் கடற்கரையில் பத்துப் பதினைந்து ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டு விளக்குக் கம்பம் பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தன. அள்ளிக்கொண்டு போய்த் தண்ணீரில் விடலாமா? செல்போன் டார்ச் காட்டிக் கூட்டிப்போகலாமா?

பதில்: டார்ச் வேண்டவே வேண்டாம். அள்ளுவதும் கடைசி வழிதான்.

மணலைக் கிளறி வெளியே வரும் குஞ்சுக்குக் கடல் எங்கே என்று தெரியாது. எந்தப் பக்கம் அடிவானம் தாழ்வாகவும் வெளிச்சமாகவும் இருக்கிறதோ அங்கே நகரும். மரமும் மணல்மேடும் கறுத்துத் தெரியும் திசைக்கு முதுகு காட்டும். தெருவிளக்கு வந்ததும் இந்தக் கணக்கு தப்பாகிவிட்டது.

தண்ணீரில் இறங்கிவிட்டால் எதிர்வரும் அலைக்கு முகம் கொடுத்து நீந்தும். கரையருகே அலை கரையை நோக்கித்தானே வரும்! கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அலை உடலைத் தூக்கிப்போடும் விதத்திலேயே திசையை உணர்ந்துகொள்ளும். அப்புறம் ஆழ்கடலில் பூமியின் காந்தப்புலம்தான் துணை.

இதை 1991இல் காட்டியவர் அமெரிக்க உயிரியலாளர் கென்னத் லோமன். பெருந்தலை ஆமைக் குஞ்சுக்கு நீச்சலுடைத் துணி போன்ற ஒன்றில் கச்சை மாட்டி, தொட்டி நடுவே சுழலும் கோலில் கட்டி நீந்தவிட்டார். கிழக்கே ஒரு விளக்கு. அதை அணைத்த பிறகும், கும்மிருட்டில் ஏறக்குறைய கிழக்கு நோக்கியே நீந்தின. தொட்டியைச் சுற்றியிருந்த கம்பிச்சுருளால் காந்தப்புலத்தைப் புரட்டிப் போட்டதும் குஞ்சுகளும் திரும்பிவிட்டன. பிறகு வேறு குஞ்சுகளுக்கு விளக்கை மேற்கில் வைத்தபோது, அவை மேற்கைப் பிடித்துக்கொண்டன.

உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. கரையில் பார்த்த வெளிச்சம்தான் குஞ்சின் காந்தத் திசைகாட்டிக்கு முதல் திசையைச் சொல்லித்தருகிறது. தானே ஊர்ந்து போகும் அந்தச் சில நிமிடங்கள் வீண் அலைச்சல் இல்லை. (ஆமைகள் திசையோடு நிற்பதில்லை: காந்தப்புலத்தின் சாய்வையும் வலிமையையும் வைத்து, தாம் எந்த வட்டாரத்தில் இருக்கிறோம் என்றே கண்டுகொள்ளும்.)

சரி, என்ன செய்வது? முதலில் விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் விளக்குக்கும் குஞ்சுகளுக்கும் நடுவே நின்று, உங்கள் நிழல் அவற்றின் மேல் விழும்படி மறையுங்கள். வனவிலங்குத் துறைக்குத் தகவல் கொடுங்கள். பல நாடுகளில் கடலாமையைத் தொடவே சட்டம் தடை போடுகிறது. சாலைக்கே போய்விட்ட குஞ்சை எடுக்கும்படி அவர்கள் சொன்னால், தண்ணீரில் வீசாமல், வெளிச்சம் படாத ஈரமணலில் வைத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். விளக்கு வேண்டியே தீரும் என்றால் மங்கலான சிவப்பு விளக்கு தேவலை. குஞ்சுகளை அது அவ்வளவாக இழுக்காது. ஃபிளாஷ் போட்டுப் படம் மட்டும் எடுக்காதீர்கள்.