வாசகர் கேள்வி–பதில்: கடலுக்கு வரைபடம் போட்டால் போதுமா?

கே: கரையிலிருந்து 200 கடல் மைல் வரை ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. அதற்குள் எதை எங்கே வைக்கலாம் என்று திட்டமிட மற்ற நாடுகளை ஏன் கேட்க வேண்டும்?

ப: 12 மைல் வரைதான் இறையாண்மை. அங்கேயும் பிற நாட்டுக் கப்பல்கள் தீங்கில்லாமல் கடந்து போகலாம். அதற்கு அப்பால் 200 மைல் வரை மீன், எண்ணெய், காற்று எல்லாம் கரை நாட்டுக்கு. ஆனால் கப்பல் ஓட்டவும் கடலடி கேபிள் பதிக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது 1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை. காற்றாலை நடலாம், சுற்றிலும் 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையமும் அறிவிக்கலாம். அங்கீகாரம் பெற்ற கப்பல் தடத்தை மறிக்கத்தான் கூடாது. தடத்தையே நகர்த்துவதென்றால் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழியாகத்தான் போக வேண்டும். திமிங்கலங்கள் கூடும் திட்டை விட்டு விலக, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத் தடம் 2007-ல் சற்று வடக்கே தள்ளப்பட்டது அப்படித்தான்.

கே: இத்தகைய திட்டங்கள் எங்கே சொதப்புகின்றன?

ப: பெரும்பாலும் முதல் வரைபடத்திலேயே. கப்பல் நடமாட்டத்துக்கு, கப்பலின் இருப்பிடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியின் பதிவுகளை எடுப்பார்கள். சர்வதேசப் பயணம் போகும் சரக்குக் கப்பல்களில் 300 மொத்த டன்னேஜும் (கப்பலின் உள் கொள்ளளவைக் குறிக்கும் அளவு) அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான் அது கட்டாயம். சிறு மீன்பிடிப் படகுகள் பலவற்றில் கருவியே இருக்காது. அதனால் நூறு படகு வலை விரிக்கும் இடம் திரையில் வெற்றிடமாகத் தெரியும். அங்கேயே காற்றாலைக்குக் கோடு கிழிப்பார்கள். படகுத்துறைக்கே போய், எந்த மாதம், எந்த வலை, எவ்வளவு ஆழம் என்று கேட்டுக் குறிக்காமல் இதற்கு வேறு வழியில்லை. மாதத்தை விட்டுவிட்டால் அந்தக் குறிப்பால் பாதிப் பயன்தான்.

அடுத்த சிக்கல் எல்லைக்கோட்டில். ஒரு நாடு மிகத் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து ஆழத்தை அளந்திருக்கும், பக்கத்து நாடு சராசரித் தாழ் மட்டத்திலிருந்து. இரண்டையும் அப்படியே ஒட்டினால் ஆழக்கோடுகள் எல்லையில் முறியும். முதலில் ஒரே மட்டத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு ஒட்ட வேண்டும். கேபிளுக்கும் வெறும் கோடு போதாது: பழுதுபார்க்கும் கப்பல் அதைக் கொக்கியிட்டு மேலே இழுக்க இருபுறமும் இடம் வேண்டும், ஆழம் கூடக் கூட அந்த இடைவெளியும் கூடும்.

கால இடைவெளி இன்னொரு தொல்லை. 31 மார்ச் 2021-க்குள் ஒவ்வொரு கரை நாடும் தன் கடல் திட்டத்தை முடிக்கச் சொன்ன ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆணை, அண்டை நாடுகளோடு ஒத்துழைக்கவும் சொன்னது. கெடு தவறிய நாடுகள் பல. ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்கினால் ஆட்சேபத்துக்கு மதிப்பு இருக்காது. வரைவு அச்சுக்குப் போகும்வரை காத்திராமல், தரவு சேர்க்கும் கட்டத்திலேயே அண்டை நாட்டுக்கு வரைபடத்தைக் காட்டிவிடுவது நல்லது.

கே: 200 மைலுக்கு வெளியே?

ப: 2023-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஒப்பந்தம், 60 நாடுகள் உறுதி செய்த பின், 17 ஜனவரி 2026 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே பாதுகாப்புப் பகுதிகளை அறிவிக்க அது வழி தருகிறது. மீன்பிடி ஒதுக்கீடு, கப்பல் விதி, கடலடிக் கனிமம் மூன்றும் முன்போலவே தனித்தனி அமைப்புகளிடம்.